அரிப்பு அனுபவஸ்தர்

டாக்டர் என்று ஓர் இனம் உண்டு; அவரிடம் நாம் போக வேண்டும், போனால் காசு வாங்கிக்கொண்டு நம் உடம்பைப் பற்றிக் கேட்பார். அரிப்பு அனுபவஸ்தர் என்று இன்னோர் இனம் உண்டு. அவரிடம் நாம் போகவே வேண்டாம், அவரே வருவார், காசு கேட்கமாட்டார், நம் உடம்பைப் பற்றியும் கேட்கமாட்டார். தம் உடம்பைப் பற்றிச் சொல்வார். இந்த இரண்டாவது இனத்தைப் பற்றித்தான் உங்களுக்குச் சொல்லப்போகிறேன். கவனமாகக் கேளுங்கள். ஏன் கவனமாக என்பது கடைசியில் தெரியும்.

இதையெல்லாம் சொல்ல உனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டவன் நான். சரக்குக் கப்பலில் வெங்காயம் உரிக்க ஏறியவன், இன்று ஓஹாயோ மாநிலத்தின் தெற்கு மூலையில், குன்றும் ஓடையுமாகக் கிடக்கும் ஹார்லன் ஃபோர்க் என்கிற ஊரில், கூரைக்கு மேலே ஆள் உயர எழுத்தில் 'பாண்டி ஹார்டுவேர்' என்று எழுதி வைத்திருக்கிறேன். ஆணி வேண்டுமா, அரிவாள் வேண்டுமா, கோழித் தீவனம் வேண்டுமா, இந்த ஊரில் யாராக இருந்தாலும் என் படி ஏறித்தான் ஆக வேண்டும். படித்தவர்கள் புத்தகத்தைப் படித்தார்கள். நான் கவுண்ட்டருக்குப் பின்னால் நின்று வாடிக்கையாளரைப் படித்தேன். பொருள் வாங்கும் முன் ஒருவன் பேசுவதையும், வாங்கிய பின் அவனே பேசுவதையும் இத்தனை வருஷம் கேட்டவனுக்குத் தெரியாதது என்ன இருக்கிறது?

எங்கள் பக்கத்தில் ஓடைக்கரை, வேலியோரம், கல்லறைத் தோட்டம் என்று எங்கே கால் வைத்தாலும் பாய்சன் ஐவி என்கிற நச்சுக்கொடி படர்ந்து கிடக்கும். மூன்று மூன்று இலையாக, பார்க்க வெகு லட்சணமாக இருக்கும். அதன் எண்ணெய் தோலில் பட்டால் உடனே ஒன்றும் தெரியாது. ஓரிரு நாள் கழித்து, நீங்கள் அதை மறந்துபோன நேரம் பார்த்து, சிவந்து, தடித்து, கொப்புளம் கட்டி, அரிப்பெடுக்கும். சாதாரண அரிப்பா? வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை முன்னால்கூடச் சொறிந்துகொள்ள வைக்கும் அரிப்பு. இரண்டு வாரம் இருக்கும். எதைத் தடவினாலும் இரண்டு வாரம். எதையுமே தடவாவிட்டாலும் இரண்டு வாரம்.

இந்த இரண்டு வாரத்தில்தான் நம் அனுபவஸ்தர் குடித்தனம் நடத்துகிறார். ஏனென்றால் மனிதன் சும்மா இருக்கமாட்டான். மோரும் உப்பும் தடவுவான், வினிகர் தடவுவான், சமையல் சோடாவைக் குழைத்துப் பூசுவான், ஓட்ஸ் கரைத்த தொட்டியில் கஞ்சிக்குள் விழுந்த ஈ மாதிரி உட்கார்ந்திருப்பான், வாழைப்பழத் தோலின் உள்பக்கத்தைத் தேய்ப்பான், பற்பசை அப்புவான், குதிரைக்குப் போடும் தைலத்தைத் தனக்குப் போட்டுக்கொண்டு தெருவில் குதிரை போலவே ஓடுவான். அரிப்பு தன் பாட்டுக்கு வந்த வேலையை முடித்துக்கொண்டு கிளம்பும் நாளன்று அவன் கையில் எது இருக்கிறதோ, அதுதான் கைகண்ட மருந்து. அன்று அவன் தற்செயலாகப் பல்லி மிட்டாய் தின்றிருந்தால், சாகும்வரை ஊருக்குப் பல்லி மிட்டாய் சொல்வான். எல்லாச் சரக்கையும் விற்கிறவன் என்ற முறையில் எனக்கு இதில் வருத்தம் இல்லை.

நீங்கள் ஒரு பல்பு வாங்க என் கடைக்கு வருகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முழங்கையில் சிவப்பாக ஒரு கோடு, அதன் மேல் நாலு கொப்புளம். பல்பை வாங்கிக்கொண்டு போய்விடலாம் என்று நினைக்கிறீர்கள். எங்கே போவது? வர்ண டப்பா வரிசையிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்க்கும்.

"ஐவியா?"

"ஆமாங்க. வேலியோரம் புல் வெட்டறப்போ..."

"இதுவா? இதெல்லாம் ஒரு அரிப்பா? எனக்கு வந்தப்போ பாத்திருக்கணும் நீ."

அவ்வளவுதான். 'எனக்கு வந்தப்போ' என்பது இந்த இனத்தின் மந்திரம். அதைச் சொல்லிக்கொண்டே அனுபவஸ்தர் தம் சட்டைக் கையைச் சுருட்டுவார். அங்கே ஒன்றும் இருக்காது, ஆறிப்போய்ப் பல வருஷம் ஆகியிருக்கும், ஆனால் வெறும் தோலை விரலால் தொட்டுத் தொட்டு, இதோ இங்கே முட்டை அளவு, இதோ இங்கே எலுமிச்சை அளவு என்று ஊர்ப் படம் வரைவது போல வரைவார். அதைக் கேட்டு ஆணி வரிசையிலிருந்து இரண்டாவது அனுபவஸ்தர் வருவார், எலுமிச்சை ஆரஞ்சாகும். தீவன மூட்டைப் பக்கமிருந்து மூன்றாமவர் வந்தால் பூசணிதான். பிறகு எல்லோரும் குரலைத் தாழ்த்தி, காட்டுக்கு வேட்டைக்குப் போய் ஒதுங்கின இடத்தில் காகிதம் இல்லாமல், கைக்கு அகப்பட்ட இலையால் துடைத்துக்கொண்ட ஆளின் கதையைச் சொல்வார்கள். அந்த ஆள் எப்போதும் சொல்கிறவரின் மச்சான். இந்த ஊரில் எல்லோருடைய மச்சானுக்கும் அது நடந்திருக்கிறது. யாருக்கும் தனக்கு நடந்ததில்லை. இத்தனை மச்சான்களும் எங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்கள்? உட்கார முடியாததால்தான் ஊருக்குள் வருவதில்லை போலும்.

கடைசியில் நீங்கள் நாலு வைத்தியத்துக்கு வேண்டிய சாமான் வாங்கிக்கொண்டு போவீர்கள். பல்பை மறந்துவிடுவீர்கள்.

இந்த இனத்துக்கு எங்கள் ஊரில் தலைவர் டெல்பர்ட் ஸ்டாம்பர். மின்கம்பிகளுக்கு அடியில் மரம் கழிக்கும் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். காலையில் ஓடைக்கரை, மத்தியானம் என் கடை, சாயங்காலம் என் கடை. அவருக்கு இப்போதெல்லாம் ஐவி வருவதே இல்லை.

"சின்ன வயசுலயே ஒரு இலையைப் பறிச்சுத் தின்னுட்டேன், பாண்டி. அன்னையிலேர்ந்து அந்தக் கொடிக்கு என்னைக் கண்டா நடுக்கம்" என்பார். அவரைப் பார்த்து இலையைத் தின்ற இன்னொருவன் தொண்டை வீங்கி ஆஸ்பத்திரியில் கிடந்தான். அவனைப் பற்றி மட்டும் டெல்பர்ட் பேசமாட்டார். வராத நோய்க்கு இவ்வளவு அனுபவம் ஏது என்று கேட்டுவிடாதீர்கள். "வராம போறதுக்கு முன்னாடி எனக்கு வந்தப்போ" என்று தொடங்கிவிடுவார்.

எனக்கும் வந்ததில்லை. கருப்பட்டியும் கருவாடும் தின்று வளர்ந்த தோல், அமெரிக்கக் கொடிக்கு மசியுமா என்று நானும் மார்தட்டிக்கொள்வது உண்டு.

டெல்பர்ட்டுக்கு ஒரு வேட்டை நாய். காது தரையைத் தொடும், கண்ணில் எப்போதும் ஒரு துக்கம். அதற்கு மேயர் என்று பெயர் வைத்திருக்கிறார். பொருத்தமான பெயர்தான்: காலையெல்லாம் புதர் புதராகச் சுற்றிவிட்டு வந்து என் கடை வாசலில் படுத்துக்கொள்ளும், உள்ளே வருகிற ஒவ்வொருவரும் குனிந்து அதன் தலையைத் தடவி, காதைச் சொறிந்து, நலம் விசாரித்துவிட்டுத்தான் என் பக்கம் திரும்புவார்கள். நான் அதைத் தொட்டதில்லை. எந்த நாய்க்கும் எனக்கும் நடுவில் ஒரு கவுண்ட்டர் இருக்க வேண்டும் என்பது என் கொள்கை. அதைப் பயம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

இப்போது நடீன் பிராதருக்கு வருவோம். பள்ளிக்கூட பஸ் ஓட்டும் பெண்மணி, புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார், வாய் கத்திரிக்கோல். ஆகஸ்ட் மாதம் எங்கள் கவுண்ட்டியின், அதாவது மாவட்டத்தின், கண்காட்சி நடக்கும். மாடு, பூசணிக்காய், ஊறுகாய் என்று எல்லாவற்றுக்கும் போட்டி உண்டு, ஆனால் ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பது பை போட்டியைத்தான். பை என்றால் தோளில் மாட்டுவது இல்லை. மாவைக் கையால் பிசைந்து, தட்டி, அந்த ஓட்டுக்குள் பழத்தை அடைத்துச் சுடுகிற பண்டம். நடீன் ஒவ்வொரு வருஷமும் முள்புதரில் காய்க்கும் பிளாக்பெர்ரிப் பழத்தில் பை கொண்டுவருவாள். ஒவ்வொரு வருஷமும் இரண்டாம் பரிசான சிவப்பு ரிப்பன் வாங்குவாள். முதல் பரிசான நீல ரிப்பன் அவளுடைய ஓரகத்தி வெர்னாவுக்குப் போகும். போய், வெர்னா வீட்டு வரவேற்பறையில், நடீன் உட்காரும் நாற்காலிக்கு நேர் எதிரே தொங்கும்.

இந்த வருஷம் விஷயம் வேறு. நடீன் வீட்டை விற்றுவிட்டாள். கண்காட்சி முடிந்ததும் அரிசோனாவில் மகன் வீட்டோடு இருக்கப் போகிறாள். அங்கே பிளாக்பெர்ரியும் இல்லை, வெர்னாவும் இல்லை. நீல ரிப்பன் என்றால் இதுதான் கடைசி வாய்ப்பு.

அந்தச் சமயம் பார்த்து இரண்டு கையிலும் ஐவி.

"முழங்கை வரைக்கும் தோல் கையுறை போட்டுக்கிட்டுத்தான் பழம் பறிச்சேன், பாண்டி. உன் கடையிலதான் வாங்கினேன்" என்றாள். குரலில் குற்றச்சாட்டு இருந்தது.

"என் கையுறையில் ஊசி நுழையாது" என்றேன். உண்மை அது.

"அப்புறம் எப்படி வந்துச்சு?"

இந்தக் கேள்விக்கு யாராவது பதில் யோசித்தார்களா? இல்லவே இல்லை. எப்படி வந்தது என்பது அனுபவஸ்தருக்கு அநாவசியம். தமக்கு எப்படிப் போனது என்பதுதான் அவசியம்.

"மோர், நடீன். மோரும் உப்பும். எனக்கு வந்தப்போ ராத்திரியோட ராத்திரியா காஞ்சிடுச்சு" என்றார் முடிவெட்டுகிறவர்.

"மோரெல்லாம் குழந்தைங்களுக்கு" என்றார் ஒரு பண்ணைக்காரர். "பொறுக்கமுடியாத சுடுதண்ணியில கையை விடு. கத்தணும் போல இருக்கும். கத்து."

"பேரனுக்கு நான் ஆறின காப்பியில பஞ்சை நனைச்சு வெச்சேன்."

"அரிப்பு போச்சா?"

"தூக்கம் போச்சு. அரிப்பு அப்புறமாப் போச்சு."

ஒருவர் துணி வெளுக்கும் திரவத்தைப் பூசச் சொன்னார். அதை மட்டும் நான் அவளுக்கு விற்க மறுத்துவிட்டேன். விற்பனையில் நான் புலி, ஆனால் புண்ணில் தோலை அரிக்கும் சரக்கை ஊற்றச் சொல்லும் மிருகம் இல்லை.

எல்லோரும் ஓய்ந்த பிறகு டெல்பர்ட் தொண்டையைச் செருமினார். தலைவர் எப்போதும் கடைசியாகத்தான் பேசுவார். "நடீன் கண்ணு, கடவுள் விஷத்தை எங்க வெக்கிறாரோ, அதுக்குப் பக்கத்துலயே மருந்தையும் வெச்சிருக்கார். ஓடைக்கரையில ஆரஞ்சுப் பூ பூக்குமே, ஜூவல்வீட். நானே பறிச்சு நசுக்கிக் கொண்டாறேன். எனக்கு வந்தப்போ அதான்."

நம் காசித்தும்பைக்கு ஒன்றுவிட்ட தங்கை அந்தச் செடி. தினமும் ஒரு கொத்து வந்தது. தினமும் சாயங்காலம் நடீன் பஸ்ஸை நிறுத்திவிட்டு வந்து என் தீவன மூட்டைமேல் உட்கார்ந்து கையை நீட்டுவாள், டெல்பர்ட் பச்சைச் சாற்றைப் பிழிவார், மற்றவர்கள் சுற்றி நின்று தங்கள் தங்கள் காலத்து அரிப்பைச் சொல்வார்கள், மேயர் அவள் மடியில் தலையை வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்க்கும், அவளும் துக்கத்துக்குத் துணையாக அதன் காதைத் தடவிக்கொண்டே இருப்பாள். ஒரு கொப்புளம் காயும். பக்கத்தில் இரண்டு முளைக்கும்.

"அதுதான் நல்ல அறிகுறி" என்பார் டெல்பர்ட். "உள்ள இருக்கறது வெளிய வருது."

"யோவ், எனக்குள்ள இவ்வளவு இருந்ததா?" என்பாள் நடீன்.

கிளினிக்குக்கும் போனாள். நர்ஸ் அவளிடம் சொன்னது இவ்வளவுதான்: சோப்பும் குளிர்ந்த தண்ணீரும் போட்டுக் கழுவு, காலமைன் லோஷன் பூசிக்கொள், சொறியாதே, இது ஆளுக்கு ஆள் தொற்றாது, ஆனால் புதிதாக வந்துகொண்டே இருக்கிறதென்றால் அந்த எண்ணெய் எங்கிருந்தோ உன் கையில் பட்டுக்கொண்டே இருக்கிறது, எங்கே என்று கண்டுபிடி. கடையில் வந்து இதைச் சொன்னாள்.

"சோப்பா?" என்றார் முடிவெட்டுகிறவர். "சோப்புக்கா கார் எடுத்துக்கிட்டுப் போனே?"

அவர் சொன்னதில் ஒரு நியாயம் உண்டு. சோப்பை வைத்து யார் கதை சொல்ல முடியும்? 'எனக்கு வந்தப்போ நான் கழுவினேன்' என்று ஆரம்பித்தால் அதோடு முடிந்துவிடுமே.

திங்கட்கிழமை கண்காட்சி தொடங்கியது. அன்று முதல் சுற்று, மறுவாரம் சனிக்கிழமை இரண்டே பேர் மோதும் இறுதிச் சுற்று. போட்டிக் கூடாரத்தில் வெள்ளை விரிப்பு போட்ட நீள மேசை, அதன் பின்னால் மூன்று நடுவர்கள். நடுவில் போதகர் ஹோபார்ட். அவரவர் பையை அவரவரே ஏந்திக்கொண்டு போய் மேசையில் வைக்க வேண்டும் என்பது வழக்கம். நடீன் முறை வந்தது. முழங்கை வரை காலமைன் பூசி, கை இரண்டும் ரோஜாப்பூ நிறத்தில் இருந்தன.

வரிசையில் பின்னால் நின்ற வெர்னா யாரிடமும் சொல்லாதவள் போலச் சொன்னாள்: "அந்தக் கையாலதான் மாவு பிசைஞ்சாளா?"

நடுவர்கள் மூவரும் முள்கரண்டியைக் கீழே வைத்தார்கள்.

"இது தொத்தாது, போதகர் ஐயா. நர்ஸ் சொன்னாங்க" என்றாள் நடீன்.

"நான் நம்புறேன், மகளே. என் வயிறு நம்ப மாட்டேங்குது." போதகர் மற்ற இருவரோடும் குசுகுசுவென்று பேசிவிட்டு எழுந்து நின்று அறிவித்தார். தோலில் கொப்புளம் உள்ளவர்கள் செய்த பை இந்த வருஷம் ருசி பார்க்கப்படாது. நடீன் போன வருஷம் இரண்டாம் இடம் என்பதால், மறுவாரச் சனிக்கிழமைக்குள் கை சுத்தமானால் நேராக இறுதிச் சுற்றுக்கு வரலாம்.

நடீன் கையை இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணிக்குள் மறைத்துக்கொண்டாள். அந்த வாய் மூடிக்கிடந்ததை நான் அன்றுதான் பார்த்தேன். டெல்பர்ட்டுக்குத்தான் மனசு கேட்கவில்லை. கூடாரத்தின் நடுவில் நின்றுகொண்டு, "இது தொத்தவே தொத்தாது, நான் உத்தரவாதம், தினம் அவ கையைப் பிடிக்கிறேன், எனக்கு வந்துச்சா?" என்று பத்துப் பேர் கையைக் குலுக்கிச் சத்தியம் செய்தார். மேயர் விரிப்புக்கு அடியில் புகுந்து நடுவர்களின் காலடியில் விழுகிற துணுக்குகளைக் காலி செய்துகொண்டிருந்தது.

வெர்னா முதலிடத்தில் இறுதிச் சுற்றுக்குப் போனாள். அந்தச் சந்தோஷத்தில் மேயரை இழுத்துவைத்து அதற்கு ஒரு துண்டு பையை ஊட்டிவிட்டு, இடது கையால் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். நடுவர்கள் ஒதுக்கிவைத்த நடீனின் பையை நான் கேட்டு வாங்கிக்கொண்டு போய் முழுதாகத் தின்றேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. நல்ல பை.

அன்றோடு நடீன் கடைப்பக்கம் வரவில்லை. வெட்கம். டெல்பர்ட் கொண்டுபோன கொத்தை வாசலிலேயே வைக்கச் சொல்லிவிட்டாள், எடுக்கவும் இல்லை. வீட்டுக்குள் சோப்பும் தண்ணீருமாக இருந்தாள் என்று அப்புறம் கேள்விப்பட்டேன். என் கடையிலோ வேறு கூத்து. புதன்கிழமைவாக்கில் முடிவெட்டுகிறவர் முழங்கையைச் சொறிந்துகொண்டு வந்தார். பிறகு இன்னும் இரண்டு பேர். காலமைன் புட்டி தீர்ந்து, அடுத்த ஊரிலிருந்து தருவித்தேன்.

மறுவாரச் சனிக்கிழமை வந்தது. கூடாரத்தில் நிற்க இடமில்லை. நடீன் பையை ஏந்திக்கொண்டு வந்தாள், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, வேண்டுமென்றே. கை இரண்டும் பளிச்சென்று இருந்தன. பழுப்பாக நாலு தழும்பு, அவ்வளவுதான். அவளுக்குப் பின்னால் வெர்னா. ஆகஸ்ட் வெயிலில் இடது கைக்கு மட்டும் வெள்ளைக் கையுறை.

"வெர்னா, கையுறையைக் கழட்டம்மா" என்றார் போதகர்.

வெர்னா கழற்றினாள். ரோஜாப்பூ.

கூடாரம் முழுக்க ஒரு முனகல் ஓடியது. போதகர் பாவம், தாம் போட்ட சட்டத்தில் தாமே மாட்டிக்கொண்டார். மெதுவாக எழுந்து, போன வாரம் அறிவித்த விதிப்படி வெர்னாவின் பை ருசி பார்க்கப்படாது, ஆகவே இந்த வருஷம் நீல ரிப்பன், என்று சொல்லிக்கொண்டே ரிப்பனைக் கையில் எடுத்தார்.

நான் நடீனைப் பார்த்தேன். இத்தனை வருஷம் எந்த ரிப்பனுக்காக முள்ளில் கைவிட்டாளோ அது ஒரு கை தூரத்தில் இருக்கிறது. நீட்டினால் முடிந்தது.

"வெர்னா போட்டியில இல்லேன்னா நானும் இல்ல" என்றாள்.

"மகளே, விதி..."

"இவகிட்ட இத்தனை வருஷம் தோத்திருக்கேன், போதகர் ஐயா. காலி நாற்காலியை ஜெயிச்சுட்டு அரிசோனா போறதுக்கா நான் பழம் பறிச்சேன்? இது தொத்தாது. அன்னிக்கும் தொத்தாது, இன்னிக்கும் தொத்தாது." அப்புறம் தலையைச் சாய்த்து அவரைப் பார்த்தாள். "உங்க இடது கை ஏன் இவ்வளவு நேரமா கோட்டுப் பையிலயே இருக்கு?"

போதகர் கையை வெளியே எடுத்தார். ரோஜாப்பூ. பக்கத்து நடுவர் இருவரும் தாங்களாகவே நீட்டினார்கள். அவையும் அப்படியே. எல்லாம் இடது கை.

"என் பையை யாரும் தொடக்கூட இல்ல. அப்போ இது என்கிட்டேர்ந்து வரல" என்றாள் நடீன், மெதுவாக, பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்வது போல. "வலது கையில முள்கரண்டி இருந்துச்சு, சரி. இடது கை எங்க இருந்துச்சு?"

மூன்று நடுவர்களும் யோசித்தார்கள். மூவரின் இடது கையும், பழக்க தோஷத்தில், தானாகவே மேசைக்கு அடியில் இறங்கியது. இறங்கிய வேகத்தில் நெருப்பைத் தொட்டது போல மேலே வந்தது. போதகர் விரிப்பைத் தூக்கினார். அடியில் மேயர், வாயோரம் பழச்சாறு, வாலை ஆட்டியது.

காலையெல்லாம் எந்தப் புதரில் சுற்றியதோ அந்தப் புதரின் எண்ணெய் முழுக்க அதன் ரோமத்தில். நாய்க்கு ஒன்றும் செய்யாது. தடவினவனுக்குச் செய்யும். மருந்து கேட்டு என் கடைக்கு வந்தவன் ஒவ்வொருவனும் வாசலில் நோயைத் தடவிவிட்டுத்தான் உள்ளே வந்திருக்கிறான். என் தோலின் கருப்பட்டிப் பெருமையும் அதோடு போயிற்று, கவுண்ட்டர்தான் காப்பாற்றியிருக்கிறது. பரவாயில்லை, அந்தக் கவுண்ட்டரும் நான் செய்ததுதான்.

"மேயரா?" டெல்பர்ட் நெஞ்சில் கை வைத்தார். "என்னய்யா பேசறீங்க? மேயருக்கு ஐவி வரவே வராது."

"உனக்கும் வராது, டெல்பர்ட்" என்றாள் நடீன். "அதான் எங்க எல்லாருக்கும் வருது."

இரண்டு பையும் ருசி பார்க்கப்பட்டன. நடுவர்கள் இடது கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சத்தியப் பிரமாணம் எடுப்பவர்கள் போல, வலது கையால் தின்றார்கள். வெகுநேரம் தின்றார்கள். நீல ரிப்பன் நடீனுக்கு.

வெர்னா சிவப்பு ரிப்பனைச் சுருட்டிக் கைப்பையில் போட்டாள். "மேலோடு கொஞ்சம் கருகியிருக்கு" என்றாள்.

"அது கருகல் இல்லடி. நிறம்."

கதை இங்கே முடிந்திருந்தால் உண்மை ஜெயித்தது என்று நானும் நிம்மதியாகக் கடைக்குத் திரும்பியிருப்பேன். ஆனால் இனம் சும்மா இருக்குமா? கூடாரத்து வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார்கள். "பாத்தீங்களா கையை? என் மோர்" என்றார் முடிவெட்டுகிறவர். "சுடுதண்ணி" என்றார் பண்ணைக்காரர். டெல்பர்ட் நடீனின் கையைத் தூரத்திலிருந்தே கலைஞன் தன் சிலையைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். மேயரைக் குளிப்பாட்டப் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு பெரிய புட்டி நான் இலவசமாகக் கொடுத்தேன். வாழ்நாளில் நான் இலவசமாகக் கொடுத்த ஒரே சரக்கு அது, எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்போது வெர்னா, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, நடீன் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். பெருமையெல்லாம் இறங்கிப்போன குரல். "நடீன், ராத்திரி தூக்கமே இல்லடி. நீ என்ன போட்டே?"

எனக்குக் காது கூர்மையானது. போட்டது சோப்பு. விட்டது நாய். இரண்டே வார்த்தை. அதுவும் சற்றுமுன் ஊர் முழுக்க நிரூபித்துக் காட்டிய வாயால் சொல்லப்போகிறாள். நடீன் வாயைத் திறந்தாள். மார்பில் குத்தியிருந்த நீல ரிப்பனைக் குனிந்து பார்த்தாள். வெர்னாவின் கையைப் பார்த்தாள். நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, ஏற்கெனவே மடித்திருந்த சட்டைக் கையை இன்னும் ஒரு சுற்று மேலே ஏற்றினாள்.

"இதுவா? இதெல்லாம் ஒரு அரிப்பா, வெர்னா? எனக்கு வந்தப்போ பாத்திருக்கணும் நீ."

ஆகவே ஜாக்கிரதை. இந்த இனத்தில் யாரும் பிறப்பதில்லை. ஒருமுறை அரித்து, ஒருமுறை ஆறினால் போதும், சேர்ந்துவிடலாம். நமக்கென்ன, இது ஓஹாயோ சமாச்சாரம் என்று சிரிக்கிறீர்களா? நடீனின் கையில் கொப்புளம் என்று நான் சொன்ன இடத்தில் உங்கள் நாக்கு நுனிக்கு என்ன வந்தது? குப்பைமேனியா, வேப்பிலையும் மஞ்சளுமா? 'இந்தப் பெண்ணுக்கு யாராவது இதைச் சொல்லக்கூடாதா' என்று மனசு பதைத்ததா இல்லையா? இப்போது உங்கள் சட்டைக் கை எதுவரை ஏறியிருக்கிறது என்று பாருங்கள்.

மெதுவாக இறக்கிவிடுங்கள். அப்படியே, எங்காவது அரிக்கிற மாதிரி இருந்தால் சொறியாதீர்கள். இதைப் படித்துக்கொண்டிருந்தபோது இடது கை எதைத் தடவிக்கொண்டிருந்தது என்று மட்டும் கொஞ்சம் யோசியுங்கள்.